அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ.: விண்ணப்பம் முதல் வைவா வரை

கவுன்சிலிங் நேரம் வந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். “அக்கா, அண்ணா யுனிவர்சிட்டி எம்.பி.ஏ. கிடைச்சிருக்கு, சேர்ந்துடலாமா?” நான் கேட்கும் முதல் கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்: “எந்த காலேஜ்?” அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. பட்டத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் வரும் என்பது ஒன்று, எந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து படிக்கப்போகிறோம் என்பது வேறொன்று. இது தெரியாமலேயே நிறைய பேர் பணம் கட்டிவிடுகிறார்கள்.

நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறையில் படித்தவள். பள்ளிப் படிப்பு தமிழ்வழி, பட்டப்படிப்பு பி.எஸ்ஸி. எம்.பி.ஏ. என்றால் என்ன என்று வீட்டில் சொல்லித்தர யாரும் இல்லை. அன்று எனக்கு யாராவது வரிசையாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தவற்றை இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதல் படி: எந்த வாசல் என்று பாருங்கள்

ஒரே பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ.வுக்கு நான்கு வாசல்கள் இருக்கலாம்.

பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே இயங்கும் மேலாண்மைத் துறை முதலாவது. கட்டணம் குறைவு, இடங்களும் குறைவு, போட்டி அதிகம். இந்தக் கட்டுரையே இந்த வாசலைப் பற்றியதுதான். இரண்டாவது, பல்கலைக்கழகமே வேறு ஊர்களில் நடத்தும் உறுப்புக் கல்லூரிகள். மூன்றாவது இணைவுக் கல்லூரிகள். பெரும்பாலும் தனியார் சுயநிதிக் கல்லூரிகள். பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் பல்கலைக்கழகத்துடையவை, ஆசிரியர்களும் வசதிகளும் ப்ளேஸ்மென்ட்டும் அந்தக் கல்லூரியுடையவை. நான்காவது தொலைநிலைக் கல்வி. வேலையில் இருப்பவர்களுக்கு அது நல்ல வழிதான். ஆனால் 21 வயதில் முழுநேரம் படிக்க வருபவர் அதைத் துறை என்று நினைத்துச் சேர்ந்துவிடக் கூடாது.

அதனால் கையில் இருக்கும் விண்ணப்பம் எந்த வாசலுக்கு என்று முதலில் உறுதிசெய்யுங்கள். பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் துறைகள் பட்டியலில் அந்த மேலாண்மைத் துறை இருக்கிறதா? முகவரி வளாகத்து முகவரிதானா? இந்த இரண்டையும் பார்த்தாலே போதும்.

தமிழ்நாட்டில் தேர்வு செய்ய இடங்கள் நிறைய உண்டு. 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம், சிதம்பரத்தில் 1929-இல் தொடங்கிப் பின்னர் 2013-இல் மாநில அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம், மதுரை காமராசர் (1966), கிண்டியில் அண்ணா (1978), கோவையில் பாரதியார், திருச்சியில் பாரதிதாசன் (இரண்டும் 1982), காரைக்குடியில் அழகப்பா (1985), நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் (1990), சேலத்தில் பெரியார் (1997). பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் 1984-இல் தொடங்கிய பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தை, அதாவது எல்லோரும் ‘பிம்’ என்று சொல்லும் இடத்தை, இந்த வரிசையில் வைக்க முடியாது. அங்கே கேட் (CAT) போன்ற தேசிய மேலாண்மை நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணோடு போட்டி போட வேண்டும். கட்டணமும் மற்ற துறைகளைவிடப் பல மடங்கு.

இங்கே ஒரு பயத்தையும் தீர்த்துவிடுகிறேன். “ஏ.ஐ.சி.டி.இ. பட்டியல்ல இந்தத் துறை பேரே இல்லையே, போலியா?” என்று சிலர் பதறுவார்கள். ஏ.ஐ.சி.டி.இ. என்பது தொழில்நுட்ப, மேலாண்மைப் படிப்புகளுக்கு ஒப்புதல் தரும் மத்திய அமைப்பு. பல்கலைக்கழகங்கள் தங்கள் துறைகளில் இத்தகைய படிப்பைத் தொடங்க ஏ.ஐ.சி.டி.இ.யிடம் முன் அனுமதி வாங்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அங்கே மேல்முறையீடு செய்ததே நம் பாரதிதாசன் பல்கலைக்கழகம்தான். ஆகவே துறை என்றால் பல்கலைக்கழகம் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். தனியார் கல்லூரி என்றால் ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதலைக் கட்டாயம் பாருங்கள்.

இரண்டாம் படி: தகுதியும் நாட்களும்

எந்தப் பட்டம் படித்தவரும் எம்.பி.ஏ. சேரலாம். பொதுவாகப் பட்டப்படிப்பில் 50 சதவிகிதம் வேண்டும். தமிழ்நாட்டின் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45 சதவிகிதம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு (அல்லது மூன்றாண்டு டிப்ளமோ), பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள். பிளஸ் டூ இல்லாமல் நேராகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கியவர்கள் பணம் கட்டுவதற்கு முன் விதிமுறையை ஒரு முறை படித்துவிடுங்கள். கடைசி ஆண்டு மாணவர்களும் நுழைவுத்தேர்வு எழுதலாம்.

நுழைவுத்தேர்வின் பெயர் டான்செட். தமிழ்நாடு அரசின் சார்பில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது. ஆண்டின் தொடக்கத்தில் அறிவிப்பு, சில வாரங்களில் தேர்வு, அதன்பின் முடிவு, கோடையில் கவுன்சிலிங் என்று போகும். தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும் என்பதால் பொங்கல் முடிந்ததிலிருந்து வாரம் ஒரு முறை அண்ணா பல்கலைக்கழகத் தளத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் தேதியை நம்பி இருக்காதீர்கள்.

டான்செட் எழுதிவிட்டால் எல்லாத் துறைகளுக்கும் தானாக விண்ணப்பித்தது போல ஆகிவிடும் என்று நினைப்பது தவறு. சில இடங்கள் பொதுக் கவுன்சிலிங்கில் நிரம்பும். சில பல்கலைக்கழகங்கள் தனியாக விண்ணப்பம் வாங்கி, தாங்களே குழு விவாதம், நேர்காணல் நடத்திச் சேர்க்கும். உங்களுக்குப் பிடித்த ஐந்து துறைகளை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தத் தேர்வு மதிப்பெண் கேட்கிறார்கள், தனி விண்ணப்பம் உண்டா, கடைசித் தேதி என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு பக்கம்தான் அடுத்த நான்கு மாதங்களுக்கு உங்கள் வரைபடம்.

ஐ.ஐ.டி. மெட்ராஸ், திருச்சி என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களும் அரசு இடங்கள்தான், அங்கேயும் எம்.பி.ஏ. உண்டு. ஆனால் அவற்றுக்கு முந்தைய நவம்பரிலேயே கேட் எழுதியிருக்க வேண்டும். கல்லூரி இரண்டாம் ஆண்டில் இதைப் படிக்கிறீர்கள் என்றால் கேட் தேர்வையும் எழுதும் எண்ணத்தோடு தயாராகுங்கள். கேட்டுக்குப் படித்தவருக்கு டான்செட் கணக்கு கஷ்டமாக இருக்காது.

மூன்றாம் படி: டான்செட்டுக்குத் தயாராவது

100 கேள்விகள், 2 மணி நேரம். சரியான விடைக்கு 1 மதிப்பெண். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கணக்கு, படித்துப் புரிந்துகொள்ளுதல், ஆங்கில இலக்கணம், தரவு போதுமா என்று பார்த்தல், வணிகச் சூழலை ஆராய்தல் என்று பகுதிகள் வரும்.

இவற்றில் புதியவர்களைத் திணறடிப்பவை கடைசி இரண்டும்தான். தரவு போதுமா என்ற கேள்வியில் விடையைக் கண்டுபிடிக்கச் சொல்லமாட்டார்கள், விடை காணப் போதுமான தகவல் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். “குமாரின் வயது என்ன? ஒன்று: குமார் தன் தங்கையைவிட 4 வயது பெரியவன். இரண்டு: இருவர் வயதையும் கூட்டினால் 40.” முதல் தகவல் மட்டும் போதாது, இரண்டாவது மட்டும் போதாது, சேர்ந்தால் போதும். 22 என்று கண்டுபிடித்து நேரத்தைச் செலவழிக்க வேண்டியதே இல்லை. கணக்கை முடிக்கத் துடிக்கும் கையை நிறுத்தப் பழகுவதுதான் இங்கே பயிற்சி.

வணிகச் சூழல் பகுதிக்குப் பழைய வினாத்தாள்களைக் கட்டாயம் பாருங்கள். ஒரு நிறுவனம் ஒரு முடிவெடுக்கத் தவிக்கும் கதை ஒன்று பக்கமளவுக்கு இருக்கும். அதன் கீழே சில விஷயங்களைக் கொடுத்து, அது முக்கிய நோக்கமா, முக்கியக் காரணியா, சிறு காரணியா, அனுமானமா, தேவையே இல்லாத விஷயமா என்று வகைப்படுத்தச் சொல்வார்கள். வீட்டுப் பேச்சாக வைத்துப் பாருங்கள். கல்யாண மண்டபம் பிடிக்கும்போது “500 பேர் உட்கார இடம் வேணும்” என்பது நோக்கம். வாடகை முக்கியக் காரணி. வாசலில் தோரணம் கட்ட இடம் இருக்கிறதா என்பது சிறு காரணி. “ஆவணியில் மழை இருக்காது” என்பது அனுமானம். மண்டபத்துக்காரர் நம் ஊர்க்காரர் என்பது தேவையில்லாதது. இப்படிப் பத்து நாள் பழகினால் அந்தப் பகுதி பிடிபட்டுவிடும். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். எம்.பி.ஏ. இரண்டு வருடமும் சொல்லித்தருவது ஏறக்குறைய இதையே.

ஆங்கிலத்துக்குக் குறுக்கு வழி இல்லை. தினமும் ஆங்கில நாளிதழின் வணிகப் பக்கத்தில் ஒரு செய்தியைப் படித்து, அதைத் தமிழில் யாருக்காவது மூன்று வாக்கியத்தில் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் புரியவில்லை என்று பொருள். இன்னொரு முறை படியுங்கள்.

நான்காம் படி: சான்றிதழ்கள்

இந்தப் படியை யாரும் மதிப்பதில்லை. ஆனால் நல்ல ரேங்க் எடுத்தவர்கள் கண்கலங்கி நின்றதை நான் அதிகம் பார்த்தது இங்கேதான். என் தோழி ஒருத்தியின் சாதிச் சான்றிதழில் அவள் அப்பாவின் இனிஷியல் ஒரு மாதிரி, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் வேறு மாதிரி. திருத்தி வாங்க அலைந்த மூன்று வாரத்தில் அவள் விரும்பிய இடத்துக்கான நாள் கடந்துவிட்டது.

டான்செட் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்த மறுநாளே இவற்றை மேசை மேல் பரப்பி வையுங்கள்: பத்தாவது, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களும், ப்ரொவிஷனல் அல்லது பட்டச் சான்றிதழ், டி.சி., நிரந்தர சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார். வெளிமாநிலத்தில் படித்தவர் என்றால் இருப்பிடச் சான்றிதழ். வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வருபவர் என்றால் மைக்ரேஷன் சான்றிதழ். எல்லாவற்றிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அன்றே இ-சேவை மையத்துக்குப் போங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று கோப்பு நகர நாள் எடுக்கும்.

சாதிச் சான்றிதழ் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மாநிலத்தின் 69 சதவிகித இடஒதுக்கீடு இந்தச் சேர்க்கையிலும் உண்டு: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதியினர் 18 (அதில் 3 அருந்ததியருக்கு), பழங்குடியினர் 1. சான்றிதழைச் சரியாகப் பதிவேற்றாவிட்டால் உங்களைப் பொதுப் பிரிவில் மட்டும் வைத்துப் பார்ப்பார்கள்.

ஒரிஜினல்களை யாரிடமும் ஒப்படைத்துவிட்டு வராதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம். ஆனால் கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-இலேயே அறிவித்துவிட்டது. ஓரிடத்தில் சேர்ந்து பிறகு அதைவிட நல்ல இடம் கிடைக்கும்போது இதன் அருமை தெரியும்.

ஐந்தாம் படி: கவுன்சிலிங்

எம்.பி.ஏ., எம்.சி.ஏ. பொதுக் கவுன்சிலிங்கைக் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி நடத்திவருகிறது. இணையத்தில் பதிவு, கட்டணம், சான்றிதழ் பதிவேற்றம், தரவரிசைப் பட்டியல், சாய்ஸ் ஃபில்லிங் (விரும்பும் கல்லூரிகளை வரிசையாகப் பதிவது), ஒதுக்கீடு என்று போகும்.

சாய்ஸ் ஃபில்லிங்கில் ஒரே ஒரு விதி. கிடைக்கும் என்று தோன்றுவதை மேலே போடாதீர்கள். விரும்புவதை மேலே போடுங்கள். கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகத்தான் பார்க்கும். எட்டாத இடத்தை முதலில் போட்டதால் கீழே உள்ளது கைநழுவிப் போகாது. எட்டாது என்று பயந்து கீழானதை முதலில் போட்டால் மேலானது நிச்சயம் போய்விடும். பட்டியலை நீளமாகப் போடுங்கள், ஆனால் சேரவே விரும்பாத கல்லூரியை நிரப்புவதற்காகப் போடாதீர்கள். ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் உறுதிசெய்யாவிட்டால் சீட் போய்விடும். அந்த வாரம் கோயிலுக்கு, கல்யாணத்துக்கு என்று நெட்வொர்க் இல்லாத ஊருக்குப் போகாதீர்கள்.

பட்டியல் போடுவதற்கு முன் முடிந்தால் ஒரு வேலைநாளில் அந்தத் துறைக்கு நேரில் போய் வாருங்கள். வாசலில் இருக்கும் சீனியர்களிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள். நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? போன வருடம் எத்தனை பேருக்கு, என்ன வேலை கிடைத்தது? இன்டர்ன்ஷிப்பை யார் தேடித்தருகிறார்கள்? பல மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் பணியிடங்கள் வருடக்கணக்கில் காலியாகக் கிடக்கின்றன. கௌரவ விரிவுரையாளர்களே வகுப்பைத் தாங்குகிறார்கள். அவர்களில் மிகச் சிறந்த ஆசிரியர்கள் உண்டு, எனக்குப் புள்ளியியல் புரியவைத்தவரும் அப்படி ஒருவர்தான். இருந்தாலும் நிலைமை தெரிந்து சேர்வது உங்கள் உரிமை.

ஆறாம் படி: பணம்

துறையின் கட்டணம் தனியாருடன் ஒப்பிட்டால் மிகக் குறைவு. அதனால் உண்மையான செலவு ஹாஸ்டலும் சாப்பாடும்தான். பல பல்கலைக்கழக விடுதிகளில் மெஸ் பில் டிவைடிங் முறையில் வரும். மாதச் செலவை சாப்பிட்டவர்கள் எண்ணிக்கையால் வகுத்துவிடுவார்கள். சேரும்போது முன்பணம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு; குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் தனி உதவித்தொகைகள் உள்ளன. சேர்ந்த முதல் வாரமே துறை அலுவலகத்தில் இதைக் கவனிக்கும் எழுத்தர் யார் என்று தெரிந்துகொண்டு அவரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். தானாக வரும் என்று காத்திருந்தால் வராது.

கல்விக்கடன் 4 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் கிடைக்கும். வங்கியில் மேலாளர் தயங்கினால் கல்விக்கடனுக்கான மத்திய அரசின் வித்யாலட்சுமி தளத்தில் பதிவுசெய்துவிட்டு, துறையிலிருந்து போனஃபைட் சான்றிதழும் இரண்டு வருட உத்தேசச் செலவுப் பட்டியலும் வாங்கிக்கொண்டு மறுபடி போங்கள். காகிதத்தோடு போனால் பேச்சு மாறும்.

ஏழாம் படி: முதல் செமஸ்டர்

சேரும்போதே ராகிங் தடுப்பு உறுதிமொழியை நீங்களும் பெற்றோரும் தர வேண்டும். ஏதாவது நடந்தால் 1800-180-5522 என்ற இலவச எண் இருக்கிறது. போனில் சேமித்து வையுங்கள்.

முதல் மாதம் பயமாக இருக்கும். பி.காம். படித்தவர்கள் கணக்கியலில் பறப்பார்கள், இன்ஜினியரிங் முடித்தவர்கள் புள்ளியியலில் பறப்பார்கள். இலக்கியமோ விலங்கியலோ படித்துவிட்டு வந்தவர் நடுவில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு நான் சொல்வது இது: கணக்கியல் நம் ஊருக்குப் புதிது இல்லை. பற்று, வரவு, பேரேடு என்ற சொற்கள் நம் கடைகளில் காலம்காலமாகப் புழங்குபவை. செட்டிநாட்டு வணிகக் குடும்பங்கள் ஆண்டு முடிவில் ஐந்தொகை போட்டவர்கள். இன்று இருப்புநிலைக் குறிப்பு என்று நாம் படிப்பது ஏறக்குறைய அதைத்தான். பாடப்புத்தகத்தின் ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் இந்தத் தமிழ்ச் சொல்லை எழுதிவைத்துக்கொண்டு படித்தேன். பயம் பாதி குறைந்தது.

எந்தப் பாடத்தையும் தெருவில் இருக்கும் ஒரு கடையில் பொருத்திப் பாருங்கள். உதாரணமாக, ஒரு டீ 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பால், தூள், சர்க்கரை, கேஸ் சேர்த்து 9 ரூபாய் ஆகிறது. மிச்சம் 6. கடை வாடகை, மாஸ்டர் சம்பளம், கரண்ட் எல்லாம் நாளொன்றுக்கு 1,800 ரூபாய். அப்படியானால் 300 டீ விற்கும்வரை கடைக்காரருக்குக் கையில் ஒன்றும் இல்லை. 301-ஆவது டீயிலிருந்துதான் லாபம். பால் விலை ஏறி மிச்சம் 5 ஆனால் 360 டீ விற்றாக வேண்டும். ஒரு ரூபாய் மாற்றத்துக்கு 60 டீ! சமநிலைப் புள்ளி என்ற பாடம் இவ்வளவுதான். வாய்ப்பாடாக மனப்பாடம் செய்தவர் தேர்வோடு மறந்துவிடுவார். பால் விலை ஏறிய மறுநாள் டம்ளர் ஏன் சின்னதாகிறது என்று யோசித்தவருக்கு மறக்காது.

குழு விவாதத்தில் முதல் நாள் பேசாமல் இருந்துவிட்டால் அடுத்த நாள் பேசுவது இன்னும் கடினம். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, ஒரு எண்ணோடு உள்ளே நுழையுங்கள். எல்லோரும் பொதுவாகப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் ஒரு கணக்கைச் சொன்னால் மேசை அவர் பக்கம் திரும்பும். அப்புறம், எக்செல். பிவட் டேபிள், வி-லுக்கப் இரண்டையும் முதல் செமஸ்டர் முடிவதற்குள் கைப்பழக்கமாக்கிவிடுங்கள்.

நூலகத்தில் கேட்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். சி.எம்.ஐ.இ. நிறுவனத்தின் ப்ரோவெஸ் தரவுத்தளத்துக்குச் சந்தா இருக்கிறதா என்று கேளுங்கள். இந்திய நிறுவனங்களின் கணக்குகள் வருட வாரியாக அதில் இருக்கும். முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் படிக்க சோத்கங்கா தளம் இலவசம். சென்னையில் இருப்பவர்களுக்கு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைக்காரர்களுக்கு 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் பக்கத்திலேயே இருக்கிறது.

எட்டாம் படி: ஊருக்குள் இறங்குங்கள்

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். அரசுப் பல்கலைக்கழகத்தில் பளபளப்பான கட்டடம் இருக்காது, ஏ.சி. வகுப்பறை சில இடங்களில் இருக்காது. ஆனால் நம் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றும் ஒரு தொழில் வட்டாரத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. கோவையில் பம்பும் வெட் கிரைண்டரும், கொஞ்சம் தள்ளித் திருப்பூரில் பின்னலாடை. சேலத்தைச் சுற்றி ஜவ்வரிசி ஆலைகள். அவற்றின் சரக்கை ஏலத்தில் விற்றுத்தர 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம். திருச்சியில் பெல் நிறுவனமும் அதை நம்பியிருக்கும் துவாக்குடி சிறுதொழில்களும். மதுரையிலிருந்து பஸ் ஏறினால் சிவகாசி. இந்த முதலாளிகளில் பலர் ஒரு மாணவர் நேரில் போய் மரியாதையாகக் கேட்டால் உட்காரவைத்துப் பேசுவார்கள். தமிழில் பேசுவார்கள். நீங்கள் தமிழ்வழியில் படித்தது அங்கே பெரிய பலம்.

முதலாண்டு முடிந்ததும் கோடையில் இன்டர்ன்ஷிப் வரும். பெரிய நிறுவனத்தின் பெயர் வேண்டும் என்பதற்காக அங்கே போய் ஒரு மூலையில் ஆறு வாரம் கோப்பு அடுக்கிவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். நான் திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் கம்பெனிக்குப் போனேன். முதல் வாரம் என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. அதனால் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு ஆர்டரின் பின்னாலேயே சுற்றினேன். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று துணி எங்கெங்கே போகிறது, ஒவ்வோர் இடத்திலும் எத்தனை மணி நேரம் வேலை நடந்தது, எத்தனை மணி நேரம் சும்மா காத்திருந்தது என்று குறித்தேன். வேலை நடந்த நேரத்தைவிடக் காத்திருந்த நேரம் பல மடங்கு இருந்தது. தைத்து முடித்த பிறகும் நின்றது, லேபிள் வரவில்லை என்பதற்காக. அந்தப் பக்கத்தை முதலாளியிடம் காட்டியபோது அவர் மேனேஜரைக் கூப்பிட்டு, “லேபிள் ஆர்டரைத் துணி ஆர்டர் போடுற அன்னைக்கே போடுப்பா” என்றார். எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு அந்த இரண்டு வருடத்தில் கிடைக்கவில்லை.

ஆகவே இன்டர்ன்ஷிப்புக்குப் போனால் இப்படிச் செய்யுங்கள். முதல் நாளே தலைப்பு தேடாதீர்கள். ஒரு வாரம் ஏதாவது ஒன்றின் பின்னால் நடங்கள்: ஓர் ஆர்டர், ஒரு பில், ஒரு புகார், ஒரு லாரி. நேரத்தையும் பணத்தையும் குறியுங்கள். எங்கே தேங்குகிறது என்று தெரிந்த பிறகு அங்கே தலைப்பு வையுங்கள். நிறுவனத்தின் எண்களை வெளியே சொல்லமாட்டேன் என்று உறுதி கொடுங்கள், அதைக் காப்பாற்றுங்கள்.

ஒன்பதாம் படி: ப்ளேஸ்மென்ட்

பெரும்பாலான துறைகளில் மாணவர்களே ப்ளேஸ்மென்ட் குழுவாகச் சேர்ந்து நிறுவனங்களுக்கு மெயில் எழுதி, போன் செய்து அழைக்கிறார்கள். அந்தக் குழுவில் சேருங்கள். நூறு மனிதவள அதிகாரிகளிடம் பேசி, தொண்ணூறு பேர் மறுத்த பிறகு உங்களுக்கு நேர்காணல் பயமே இருக்காது.

வேலை வந்தால் சி.டி.சி. (நிறுவனம் உங்களுக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை) எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அதில் பி.எஃப்., கிராஜுவிட்டி, காப்பீடு, இலக்கை எட்டினால் மட்டும் தரும் இன்சென்டிவ் எல்லாம் சேர்ந்திருக்கும். “மாசம் கையில எவ்வளவு வரும், எந்த ஊர், பாண்ட் உண்டா?” என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆசிரியராக விருப்பம் இருந்தால் யு.ஜி.சி. நெட் தேர்வில் மேலாண்மைத் தாளுக்கு இரண்டாம் ஆண்டிலேயே படிக்கத் தொடங்குங்கள்.

கடைசிப் படி: ப்ராஜெக்ட், வைவா, வெளியே வருவது

நான்காம் செமஸ்டரில் ப்ராஜெக்ட். வளாகத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் பழைய ப்ராஜெக்ட்டுகள் கிடைக்கும். 120 பேரிடம் வினாப்பட்டியல், சதவிகித அட்டவணை, கை-வர்க்கச் (chi-square) சோதனை என்று எல்லாம் ஒரே அச்சில் இருக்கும். அதைத் தொடாதீர்கள். இரண்டு வருடத்தில் நீங்களே முழுதாகச் செய்யும் ஒரே வேலை இது. இன்டர்ன்ஷிப்பில் குறித்த நோட்டு உங்களிடம் இருந்தால் தலைப்பு ஏற்கெனவே கையில் இருக்கிறது. என் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வெளித்தேர்வாளர் அச்சடித்த அறிக்கையைப் புரட்டிவிட்டு, “இந்த எண்களை எப்படி எடுத்தீங்க?” என்று கேட்டார். எண்ணெய்க் கறை படிந்த அந்த நோட்டை எடுத்து நீட்டினேன். மீதி நேரம் முழுக்க அதைப் பற்றியே பேசினோம்.

வெளியே வரும்போது ப்ரொவிஷனல், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், டி.சி., விடுதி முன்பணம் திரும்பப் பெறும் படிவம் எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் முடித்துவிடுங்கள். வேலைக்குப் போன பிறகு இதற்கு விடுப்பு கிடைக்காது. உங்களை இன்டர்ன்ஷிப்புக்கு எடுத்த நிறுவனத்தின் பெயர், அங்கே யாரிடம் கேட்க வேண்டும், எந்த மாதம் கேட்டால் இடம் கிடைக்கும் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி, அவர்கள் அனுமதியோடு, துறையில் இருக்கும் முதலாண்டு மாணவர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.